கிழக்கு மூலையில் பதினோரு கற்கள்

தொழிலில் எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்குக் கல் பதிக்கிறவர். ஒரு கல்லை வைத்தாரென்றால் ரசமட்டத்தை அதன்மேல் போட்டு, உள்ளே இருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். நாற்பது வருஷம் முட்டி போட்டே வேலை செய்ததில் ஊரார் வீட்டுத் தரையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய முட்டிகள்தான் போய்விட்டன. ஜவ்வு தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறது, இனிமேல் படிக்கட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோட்டை பார்க்கப் போகிறேன் என்று நின்றார். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடிக்கிற ஆள் கோட்டை ஏறப் போகிறாராம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முட்டி ஆபரேஷன் என்று படுத்துவிட்டால் எழுந்து எப்படி இருப்போமோ, அதற்குள் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

நூற்று அறுபத்துநான்கு படிகள். முதல் நாற்பதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்குப் பிறகு வெட்கமாவது மண்ணாவது என்று படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்துக்கொண்டே போனார். கீழே இறங்கி வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெண்டாட்டி முதலில் திட்டினாள், அப்புறம் கெஞ்சினாள், அதற்கும் அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டிக்கொண்டே கூட வந்தாள். மேலே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது.

மேலே திறந்த முற்றம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த முற்றத்தைப் பழுது பார்த்தபோது கிழக்கு மூலையில் உடைந்த கற்களை எடுத்துவிட்டுப் புதுக்கல் போட்டவர் இவர்தான். சுற்றியிருந்த பழைய தரை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. காலம் போகப்போகத் தரை இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அடியில் கலவையைக் கூடுதலாகப் போட்டுத் தூக்கி, குமிழி நடுவில் நிற்கும்படி கச்சிதமாகப் பதித்தார். பார்க்க வந்த இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். ரசமட்டம் என்ற பெயரே அன்றைக்கு வந்ததுதான்.

ஆறு வருஷம் கழித்து ஒரு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஓடத் தரையைச் சாய்த்து வாட்டம் வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. கோட்டைத் தரை இறங்கவில்லை. சுவரோரத்துத் துளைவழியாக மழைநீர் ஓடட்டும் என்று கட்டினவர்களே வாட்டம் வைத்திருந்தார்கள். கரணை கையிலேயே இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார். போய்ச் சொல்லியிருக்கலாம். பிழைப்பைக் காட்டித் தள்ளிப்போட்டார். பிள்ளைகள் படிப்பைக் காட்டித் தள்ளிப்போட்டார். உண்மையில் அது பயம்தான். வேறொன்றும் இல்லை.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தபோது, இடத்தைச் சுற்றிக்காட்டும் பெண் பத்துப் பதினைந்து பேரை அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்தாநாள் பெய்த மழை அங்கே குட்டைபோல் நின்றிருந்தது. சுவரின் அடிவரிசையில் செதுக்கியிருந்த குதிரைகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஈரம் அரித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

"இவ்வளவு பெரிய கோட்டையக் கட்டினவங்க, இந்த மூலையில கோட்டை விட்டுட்டாங்க பாருங்க" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் செய்ததற்கு, வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவர்கள் முப்பத்தொரு வருஷமாகப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு வருஷமாகப் போடாத முட்டியைப் போட்டார். வலி உச்சிவரை போனது. உள்ளங்கையால் தண்ணீருக்குள் தடவி இணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"அம்மா, கட்டினவங்களச் சொல்லாதீங்க. அவங்க சரியாத்தான் போட்டிருந்தாங்க. இந்தப் பதினோரு கல்லும் நான் போட்டது."

அவள் நம்பவில்லை, வெயிலில் ஏறிவந்த பெரியவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தாள். அவர் பெண்டாட்டியிடம் பாட்டிலை வாங்கி, குட்டைக்கு அப்பால் காய்ந்திருந்த பழைய கல்லில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் நேராகத் துளையைப் பார்த்து ஓடியது, ஆனால் அவருடைய கல்லின் விளிம்பில் முட்டி, திரும்பி, அங்கேயே தேங்கியது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள்.

"இதையா இத்தனை வருஷமா மனசுல வச்சிட்டிருந்தீங்க?" என்றாள் பெண்டாட்டி.

"கால் நல்லா இருந்தப்பவே வந்திருக்கணும். வரல."

அந்தப் பெண் குறிப்பேட்டை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ஆபீசில் கொடுக்கிறேன், கல்லை எடுத்துப் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னாள். பெண்டாட்டியும் அங்கே நின்ற காவலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கித் தூணடியில் உட்காரவைத்தார்கள். குதிரைகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வெயில் சாய்ந்தது. ஏறியதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு என்று பெண்டாட்டிக்குத் தெரியும். கிளம்பலாம் என்று மூன்றுமுறை சொல்லிவிட்டாள். அதற்குள் அடுத்த கூட்டம் மேலே வந்துவிட்டது. அந்தப் பெண் அவர்களைக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போய் நின்றாள். ஒருதரம் இவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் தரைய அந்தக் காலத்துல சரியாத்தான் போட்டிருந்தாங்க" என்று ஆரம்பித்தாள்.

பெண்டாட்டி அவர் கையைப் பிடித்தாள். "இறங்கலாமா?"

"இரு. அந்தப் பொண்ணு சொல்லி முடிக்கட்டும்."