இரண்டரைக் கொழும்பு தூரத்தில் மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றிருக்கும். காரணம் சண்டை இல்லை, நகை இல்லை... ஹாலில் தொங்குகிற வேர்ல்டு மேப்.

அக்கா ஜெனிட்டா கனடாவின் வடகோடியில், இக்காலுயிட் என்ற ஊரில் நர்ஸ். மாப்பிள்ளை எங்கள் பக்கத்து ஆலந்தலைக்காரர். அதே பனிக்காட்டில், பாங்னர்துங் என்ற ஊரில் எலக்ட்ரீஷியன். நடுவே ரோடு கிடையாது, விமானம் மட்டும்தான். கல்யாணம் முடிந்தாலும் இரண்டு வருஷம் ஆளுக்கொரு ஊர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண ஓலை, அதாவது யாருக்கு யாரோடு கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. "ஒண்ணுன்னா அன்னைக்கே ஒருத்தர்ட்ட ஒருத்தர் போய்ச் சேர முடியுமா?"

"ஒரு மணி நேரம் பறந்தா போயிரலாம்மா" என்றாள் அக்கா போனில். கல்யாண ஆசையில் இருக்கிற பெண் சொல்வதை எந்த அம்மா நம்புவாள்? பெரியப்பாவை வரச் சொன்னாள்.

பெரியப்பா முப்பது வருஷம் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். கிலோமீட்டர் எல்லாம் அவருக்கு பஸ்காரர்கள் சமாச்சாரம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் உள்ள இடைவெளிதான் அவர் அளவுகோல். மதுரை — அரைக் கொழும்பு. சென்னை — இரண்டு கொழும்பு.

என் பழைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயத்தை எடுத்தார். மேப்பில் ஒரு முனையைத் தூத்துக்குடியில் வைத்தார், மறுமுனையைக் கொழும்பில். அதே அகலத்தோடு வடக்கே கனடாவுக்கு ஏறி, அந்த இரண்டு ஊருக்கும் நடுவே... ஒன்று, இரண்டு, இரண்டரை.

"ரெண்டரை கொழும்பு. நம்ம ஊர்லருந்து நெல்லூரத் தாண்டிப் போவும். நடுவுல வெறும் பனி. புள்ள தனியாக் கெடக்கும்மா."

ஓலையை நிறுத்தச் சொல்ல அம்மா பங்குச் சாமியார் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். நான் எதிர்வீட்டு டீச்சரிடம் ஓடி குளோபை வாங்கிவந்தேன். இரண்டு ஊருக்கும் பேனாவால் புள்ளி வைத்து, கவராயத்தைப் பெரியப்பா கையிலேயே கொடுத்தேன். குளோபிலும் முதலில் தூத்துக்குடி-கொழும்பு அகலத்தைப் பிடித்துக்கொண்டார்.

அளந்தார். மறுபடி அளந்தார்.

"ஒரு கொழும்பு. அதுக்கு மேல ஒரு நூலு." கண்ணாடியைத் துடைத்தார். "ஏலே, மேப்பு பொய் சொல்லுதா?"

உருண்டையைச் சுவரில் ஒட்டத் தட்டையாக்கினால், வடக்குப் பக்கம் இழுத்த பனியன் மாதிரி விரிந்துவிடும் என்றேன். நம் கடலில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொழும்பைத் தாண்டாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

"அப்போ ரஷ்யா பெருசுன்னு நான் நெனச்சது?"

"பெருசுதான் பெரியப்பா. அவ்வளவு பெருசு இல்ல."

ஃபைனலில் கோல் போட்டவன் மாதிரி நின்றேன். அம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அக்காவைத் திரும்பப் போனில் பிடித்துக் கேட்டாள்: "ஏளா, பனி அடிச்சா பிளேன் பறக்குமா?"

அக்கா தயங்கினாள். "சில சமயம் ரெண்டு மூணு நாள் பறக்காதும்மா."

போச்சு என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல இதுவா நேரம்?

அம்மா சிரித்தாள். "காத்து சரியில்லன்னா உங்க அப்பா தோணியோட பதினஞ்சு நாளு கொழும்புலயே கெடப்பாரு. போனும் கிடையாது. அந்தத் தூரத்துல அவர வச்சிக்கிட்டுதான உங்க ரெண்டு பேரையும் வளத்தேன். ஒரு கொழும்பு எல்லாம் ஒரு தூரமாளா?"

எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தூரத்தையா கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாயிற்று. பனிக்காட்டில் இருக்கிற அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த நிமிடமே சேதி போய்விட்டது. மாலத்தீவுக்குத் தோணியில் போயிருக்கிற அப்பாவுக்குத்தான்... இன்னும் லைன் கிடைக்கவில்லை.