வலிக்காத கை

எங்கள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவரை எல்லோரும் கட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கத்துகிற நோயாளிகளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "நல்லாக் கத்துங்க. நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்பார். வலியே இல்லை என்பவர்களைத்தான் ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பார்.

அவருடைய தங்கை புருஷன் குத்துச்சண்டைச் சாம்பியன். மூன்று வருஷமாகப் பட்டம் அவரிடம்தான். ஆனால் பட்டம் மாசாமாசம் சோறு போடாதே. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகாணி முடுக்குகிற வேலை. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் மாப்பிள்ளை கையில் துணி சுற்றுவது மச்சானான கட்டுக்காரர்தான். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

இந்த முறை எதிரே நின்ற இளைஞன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பதினேழு சண்டையில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. பட்டம் கைமாறப்போகிறது என்று பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். அவர்களுக்கென்ன, அடி வாங்கப்போவது அவர்களா?

சண்டைக்கு முதல் நாள் தங்கை கட்டுப் போடும் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, ஒரு மாசமா அவர் வலது கையிலேர்ந்து திருகாணி நழுவுது. கேட்டா தூக்கக் கலக்கம்ங்கறார். சண்டைக்கு முன்னாடி சோதிக்கற டாக்டருங்க கண்ணப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, கைய யாரும் பாக்கல. கட்டும்போது நீங்க பாருங்க. சரியில்லன்னா நிறுத்திடுங்க."

"சரியில்லன்னா ஏத்த மாட்டேன்மா. போ."

கையில் துணி சுற்றும்போது எதிராளி தரப்பில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று கட்டின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். இது விதி. மறுநாள் அப்படி வந்தவர் இளைஞனின் பயிற்சியாளர். முழங்கால் இடிக்கிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

முதலில் இடது கை. கட்டுக்காரர் பயிற்சியாளருக்குத் தெரியாமல் சுண்டுவிரல் பக்கம் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினார். மாப்பிள்ளை கையை உதறினார்.

"மச்சான், சண்டை வெளியிலதான். இங்க இல்ல."

அடுத்து வலது கை. கிள்ளினார். மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அழுத்திக் கிள்ளினார். தோலில் நகத்தின் தடம் சிவப்பாக விழுந்தது. மாப்பிள்ளை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். சண்டை நின்றுவிடும், கை பிழைக்கும், பட்டம் போகும்.

"ஒண்ணுமில்ல. துணி முறுக்கிக்கிச்சு" என்றார் கட்டுக்காரர். மிச்சத்தையும் சுற்றி முடித்தார். பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப பயமா இல்லையா?" என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன்.

"இல்ல. பயம் வந்திருந்தா நிறுத்தியிருப்பேன். ஒண்ணுமே தோணல. கை பாட்டுக்குச் சுத்துச்சு."

சண்டை பன்னிரண்டு சுற்றும் போனது. பதினொரு இடைவேளை. ஒவ்வொன்றிலும் கட்டுக்காரர் மூலைக்குப் போய் மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்தார், தண்ணீர் கொடுத்தார், இறங்கி வந்தார். ஐந்தாவது சுற்றிலிருந்து மாப்பிள்ளை வலது கையை மட்டுமே நம்பி அடித்தார். வலித்தால் யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. புள்ளிக் கணக்கில் பட்டம் தப்பியது.

உள்ளே மேசையில் படுக்க வைத்தபோது மாப்பிள்ளையின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. கண்கள் மேல் ஐஸ் பை. கட்டுக்காரர் கத்தரிக்கோலால் இடது கட்டை வெட்டி எடுத்தார், பிறகு வலது. இரண்டும் தரையில் கிடந்தன. வலது கையின் ஓரம் கருநீலமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் தங்கை கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இடது கை அவுத்தாச்சு. வலது கைய எப்ப அவுப்பீங்க?"

தங்கை அந்த வெறும் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"இதோ அவுக்கறேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கட்டுக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் காற்றை வெட்ட ஆரம்பித்தார்.