தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கணினி

கம்பளியில் சுற்றிய கணினியைத் தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிற்றால் முதுகோடு கட்டிக்கொண்டு, மழையில் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் படிகளில் இறங்கும் அக்கா. அவளை நினைத்தால் முதலில் வருவது இந்தக் காட்சிதான். மண்சரிவு எச்சரிக்கை வந்து, கிராம சேவகர் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கணினி அப்படித்தான் இறங்கியது. பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தை சும்மா விடமாட்டார்.

“ஏண்டி, மாப்பிள்ளையத் தூக்கிட்டு எங்க போற?”

“சம்பாரிச்சுப் போடுதுல்ல அத்தை, தூக்கித்தானே ஆகணும்” என்பாள் அக்கா.

பூண்டுலோயாவில் ஓர் அச்சகத்துக்கு அவள் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவித்தலும் வடிவமைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் கொழுந்து பறிக்காமல் வந்த முதல் வருமானம் அது. பழைய மடிக்கணினி செத்துப்போனதும், சின்னத் திரை இனி வேண்டாம் என்று அக்கா சொல்ல, புதிது வாங்க இருவரும் அட்டனுக்குப் போனோம். நான் அப்போதுதான் தகவல் தொழில்நுட்பம் படிக்கத் தொடங்கியிருந்தேன், கேட்கவா வேண்டும்! டவர் கணினிதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பெட்டியைத் திறக்கலாம், ரேம் கூட்டலாம், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஆல் இன் ஒன்னில் எல்லாம் திரைக்குப் பின்னால் அடைந்து கிடக்கும். “இதோட அடாப்டர் போச்சுன்னா எங்கயும் கெடைக்காதுக்கா. டவர்னா எந்த வீட்டு வயரும் சேரும்” என்றேன். கடைக்காரரும் தலையாட்டினார்.

அக்கா டவரை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். அதன் திரையையும் தூக்கிப் பார்த்தாள்.

“மண்ணு வந்தா எதடி மொதல்ல தூக்குவ?”

“கம்ப்யூட்டர் வாங்க வந்தியா, முகாமுக்குச் சாமான் வாங்க வந்தியா?” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அளந்துவிட்டுப் போன அதிகாரிகள் வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள், பிறகு வரவேயில்லை. “பின்னாடி பின்னாடி ரேமு கூட்டிக்கிட்டே போறதுக்கு நாம என்ன பங்களாவுலயா இருக்கோம்? ஒரே தூக்கா தூக்குற மாதிரி இருந்தா போதும்” என்று ஆல் இன் ஒன்னையே எடுத்தாள்.

கடைசி முறை எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மத்தியானம், அடுப்பில் சோறு இருந்தபோது, மேலே மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. அம்மா, அப்பா, நான், முதுகில் கணினியோடு அக்கா, நாலு பேரும் கீழே கோயிலுக்கு ஓடி வந்து சேர்ந்தோம். சத்தம் அடங்கியிருந்தது. அக்கா கம்பளியைப் பிரித்துத் துடைத்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

“அடாப்டர் செவுத்துலயே இருக்குடி.”

“விடுக்கா!”

“நீதானே சொன்ன, எங்கயும் கெடைக்காதுன்னு. இந்தா, வந்துர்றேன்.”

மேலே எங்கள் வீட்டு வாசலில் அவள் குனிந்து நுழையும் வரைக்கும் பார்த்தோம். பிறகு மலை வந்தது. அவளைத் தோண்டி எடுத்தபோது கையில் ஏதாவது இருந்ததா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில்தான் இருக்கிறோம். அச்சகக்காரர் தயங்கித் தயங்கி அழைத்தார். ஒரு கல்யாணப் பத்திரிகை அக்காவின் கணினியில் பாதியில் நிற்கிறதாம், பெண் வீட்டார் காத்திருக்கிறார்களாம். அடாப்டரைக் கைப்பேசியில் தேடினேன். கொழும்பில் தாராளமாக இருந்தது. கூரியரில் வந்தும் சேர்ந்தது.

“அதப் போடாதடி” என்றாள் அம்மா. “போட்டா அவ பேருதானே மொதல்ல வரும்.”

அந்தக் கல்யாணப் பெண்ணை நினைத்துக்கொண்டு சொருகினேன். அக்காவின் பெயர் வந்தது. அதற்குக் கீழே கணினி கடவுச்சொல் கேட்டது. அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அது தெரியாது.