வெளியில் பூட்டிய வீடு

உங்கள் நினைவில் இருப்பதிலேயே பழையது எது என்று கேட்டேன்.

"ஒரு சத்தம்" என்றார் சாவியக்கா.

எத்தனை வயதில் என்று கேட்டேன். மூன்றரை என்றார். மூன்றரை வயதில் நடந்தது நினைவிருக்குமா என்று நான் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். அவருடைய அண்ணன் எப்போதும் அதைத்தான் கேட்பாராம். அன்றைக்கு நீ மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு விரல் சூப்பிக்கொண்டிருந்தாய், உனக்கு என்ன தெரியும் என்பாராம்.

"விரல் சூப்பினா காது கேக்காதா?" என்று என்னைக் கேட்டார்.

கேட்கும் என்றேன். என்ன சத்தம் என்று கேட்டேன்.

"எலி சுரண்டற சத்தம். அம்மா என் காதுல அப்படித்தான் சொன்னாங்க. எலிதான், கண்ணை மூடிக்கோன்னு. முப்பத்தஞ்சு வருஷம் நானும் எலின்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

அப்புறம் என்று கேட்டேன்.

"அப்புறம் இந்த ரூமுக்கு வேலைக்கு வந்தேன்."

அந்த அறை ஒரு தையல் ஆலையின் பெண்கள் உடை மாற்றும் அறை. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த இரும்பு லாக்கர்கள், வரிசைக்கு நாற்பதாக ஐந்து வரிசை. காலையில் பெண்கள் வந்து தங்கள் துணியையும் பையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஆலையின் நீல அங்கியை மாட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி வருவார்கள். சாவியக்கா இருபது வயதிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மெஷினில் உட்கார்ந்தவர். ஊசி விரலைத் துளைத்து நரம்பு செத்துப்போன பிறகு அவரை இங்கே மாற்றினார்கள். கதவோரம் ஒரு ஸ்டூல், இடுப்பில் மாற்றுச் சாவிகளின் கொத்து. அதனால்தான் அந்தப் பெயர்.

நான் அங்கே போனது நகர நூலகத்தின் வேலையாக. ராணுவ வண்டிகள் ஊருக்குள் வந்த நாளுக்கு ஐம்பது ஆண்டு நிறைவதால், அன்று குழந்தைகளாக இருந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி நூலகச் சுவரில் வைக்க முடிவு செய்திருந்தார்கள். சொல்பவரின் பேச்சைப் பதிவு செய்து, நம் மொழியிலும் அலுவலக மொழியிலும் எழுதித் தருவதற்கு என்னை எடுத்திருந்தார்கள். சாவியக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்பதால் நானே ஆலைக்குப் போனேன்.

அந்த அறைக்கு மாறி வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு அது புரிந்துவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லாத மதியத்தில் ஒரு புதுப்பெண் அவசரத்தில் தன் சாவியை வேறு லாக்கரில் நுழைத்துவிட்டாள். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. அவள் அதை இழுத்தாள், மறுபடி நுழைத்தாள், மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தாள். ஸ்டூலில் இருந்த சாவியக்கா எழுந்து நின்றுவிட்டார். அந்த எலி அதுதான்.

இப்போதெல்லாம் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் இருக்கும்போதே, வரிசைக்கு அப்பால் யாரோ கண்ணில் படாமல் சாவியை அசைக்க, "நாப்பத்தேழு, உன் வீடு அடுத்த கதவுடி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். அந்தப் பக்கமிருந்து, "அக்காவுக்கு முதுகுலயும் கண்ணு" என்று பதில் வந்தது. ஆனால் எல்லோரும் மெஷினில் இருக்கும் நடுப்பகலிலும் சில நாட்களில் அது கேட்குமாம். எழுந்து ஐந்து வரிசையும் நடந்து பார்ப்பாராம். யாரும் இருக்க மாட்டார்கள். இதை அவர் பயந்தவர் போலச் சொல்லவில்லை. குழாய் சொட்டுகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அந்த நாளை அவர் சொன்னபடி எழுதுகிறேன். அரசு கவிழ்ந்து, ராணுவ வண்டிகள் ஊருக்குள் வந்து, தெருத் தெருவாக ஆண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. பூட்டிய வீடுகளைச் சிப்பாய்கள் உடைக்கவில்லை, நேரம் இல்லை. அது தெரிந்ததும் சாவியக்காவின் தெருவில் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கச் சன்னல் வழியாக உள்ளே ஏறிக்கொண்டார்கள். முப்பது வீடுகள், முப்பது பூட்டுகள், உள்ளே எல்லாம் ஆட்கள். அந்த அமைதியைச் சொல்லும்போது மட்டும் சாவியக்கா குரலைத் தாழ்த்தினார். நாய்கூடக் குரைக்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் இருமலை அடக்குவது சுவர் வழியாகக் கேட்டதாம்.

அவருடைய அப்பா குடிநீர் நிலையத்தில் வால்வு திறப்பவர். அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மா, எட்டு வயது அண்ணன், இவர். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்கள். அம்மாவின் உள்ளங்கை இவர் வாயின் மேல் இருந்தது. துணி சோப்பு வாசனை. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். அந்தக் கோட்டில் இரண்டு இடங்களில் இருட்டு விழுந்தது. இரண்டு கால்கள். யாரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. அந்தச் சத்தம் மட்டும் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு வெளிச்சக் கோடு முழுசாகிவிட்டது.

அப்பா திரும்பி வரவில்லை. குடிநீர் நிலையத்திலிருந்தே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்றார்கள். அதற்கு ஒருவரும் சாட்சி இல்லை. கதவருகே யாரும் வரவில்லை என்றே அம்மா கடைசி வரை சொன்னார். சத்தத்தின் பொருள் புரிந்த பிறகு ஒருமுறை சாவியக்கா நேராகவே கேட்டாராம். அம்மா, "அவர்கிட்ட வீட்டுச் சாவி இருந்துச்சு. அவரா இருந்தா திறந்திருப்பார்" என்றாராம். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

"அதுவும் நியாயம்தானே?" என்று என்னிடம் கேட்டார். "ஆனா அது யாருன்னு தெரிஞ்சா போதும். சிப்பாய்னா சிப்பாய். தெரியாமதான் இப்படி நடந்து நடந்து பாத்துட்டிருக்கேன்."

அன்று மாலை நூலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டேன். வெளிச்சக் கோடு என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திய இடத்தில், சுமார் பத்து நொடி பேச்சில்லை. அந்தப் பத்து நொடியில் ஏதோ உரசியது. இரண்டு முறை. இடுப்பில் இருந்த கொத்தாக இருக்கலாம். நான் அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கலகலப்பான மனிதர். வரவேற்பறையில் பேரப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கதை மனப்பாடம். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்த வரியை அவர்களே சொன்னார்கள். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு சன்னலில் ஏறியதும், வாசலைப் பூட்டிவிட்டு வரும் பொறுப்பு எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்தது. வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவர் பூட்டிவிட்டு ஓடிவந்து சன்னலில் குதித்தார். பூட்டைப் பார்த்த வண்டி நிற்காமல் போயிற்று.

"எட்டு வயசுல மூணு உயிரைக் காப்பாத்தினவன் நான். இந்த வீட்ல எனக்கு ஒரு டீ கேட்டா அரை மணி நேரம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு யாரும் கதவருகே வந்தார்களா என்று கேட்டேன். வரவில்லை, அதெல்லாம் தங்கச்சியின் கனவு என்றார். வீரம் எல்லாம் பூட்டும் வரைதான். கட்டிலுக்கு அடியில் போனதும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் காதையும் பொத்திக்கொண்டதாக அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

நான் கருவியை அணைக்கப் போனேன். அப்போதுதான் சொன்னார்.

"ஒரு வேடிக்கை என்னன்னா, அது வீட்டுப் பூட்டே இல்ல. வீட்டுப் பூட்டு ரொம்பக் கெட்டி, என் கையால அமுக்க முடியல. துணிப்பெட்டில தொங்கின பித்தளைப் பூட்டைப் போட்டேன். மூணாம் நாள் நானே திறந்து பெட்டிலயே மாட்டிட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

பிள்ளைகள் இதற்கும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் அந்த வீட்டின் வாசல் கதவு இருந்தது. நான் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

எழுதி முடித்த இரண்டு வாக்குமூலங்களும் நூலக அதிகாரிக்குப் பிடித்துப்போயின. ஒரே கட்டிலுக்கு அடியில் இரண்டு குழந்தைகள் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அவர் இரண்டையும் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை. சேர்த்துப் படித்தவள் நான் ஒருத்திதான்.

சனிக்கிழமை மத்தியானம் சாவியக்கா கையெழுத்துப் போட வந்தார். ஆலை அங்கி இல்லாமல் வேறு ஆள் போல இருந்தார். தன்னுடையதைப் பொறுமையாகப் படித்து, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, அன்றைக்கு எந்தப் பூட்டைப் போட்டான் என்று அண்ணன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார்.

"இல்லை" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. அந்தத் தாமதத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "படி" என்றார். அந்த நான்கு வரிகளைப் படித்தேன்.

அவர் அழவில்லை. இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தார். கண்ணாடிக் கதவு, வெளியே வெயில், யாரும் இல்லை.

"சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தா எங்களையும் பிடிச்சிருப்பாங்க" என்றார். "அதான் கூப்பிடல."

பிறகு, அண்ணனிடம் நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றேன். நூலகச் சுவரைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு வரப்போவதாக அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்ட தாளைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாக மடித்து, என் கையில் கொடுத்தார்.

"இதை எங்கயாவது பத்திரமா வை. அவன் இருக்கற வரைக்கும் இதை அவனோடதுக்குப் பக்கத்துல ஒட்டாதே கண்ணு."