சத்தமில்லாமல் நடந்த குதிரை

பாக்கார் ஆராங்கில் என் மகன் வீட்டுச் சந்துக்குள் விடிந்ததும் மோட்டார் சைக்கிள்கள் கத்திக்கொண்டு போகும். மருமகள் திட்டுவாள். நான் வாயைத் திறப்பதில்லை. சத்தம் போட்டு வருகிறவன் நல்லவன் என்று ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான்.

அப்போது எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை குதிரையில்தான் மலை சுற்றி வேலையைப் பார்வையிடுவார். பினாங்குப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை அது. ஓய்ந்தது என்று பேர்தான். செம்மண் சடக்குப் பாதையைக் கண்டால் பிய்த்துக்கொண்டு பறக்கும். இரண்டு தடவை துரையை வடிகால் கானுக்குள் தள்ளிவிட்டது. இன்னொரு தடவை தள்ளினால் குதிரையைச் சுட்டுவிடுவேன் என்று கணக்கெழுதும் கிராணி மூலம் சொல்லி அனுப்பினார். குதிரைக்காரரான என் அப்பா, மழைக்காலம் முடியும்வரை தவணை கேட்டு வாங்கினார்.

அப்பா சாட்டையைத் தொடவில்லை. மற்றவர்கள் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள், இவர் தளர்த்திவிட்டார். வேகம் எடுத்தால் சின்னதாக ஒரு வட்டம் சுற்ற வைத்து நிறுத்துவார். அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப்போடும்வரை காத்திருந்து மறுபடியும் நடத்துவார். லாயத்தை நோக்கித் திரும்பும்போதுதான் அதற்கு அவசரம் அதிகம். அதனால் பாதி வழியிலேயே இறங்கி, பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து வருவார். "வீடு எங்கயும் ஓடிப்போவாது, மெதுவா வா" என்பார். எங்களிடம்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. மூன்று மாதத்தில் அது பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கப் பழகிவிட்டது. உயிர் தப்பியதென்று எங்கள் லயத்து வீடுகளே சந்தோஷப்பட்டன. எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் இருந்தாள். பால் வெட்டும் வேலை போனால் அந்த வீடும் போய்விடும். குதிரை பழகிய பிறகு ஒரு நாள் அவளுக்கும் குளிர்க்காய்ச்சல். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் விழவேண்டுமே என்று வந்திருந்தாள். நான் அவளுக்குப் பால் வடியும் மங்கு துடைத்துக்கொண்டிருந்தேன். நடுங்கிப்போய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். எல்லோரும் செய்வதுதான். குளம்புச் சத்தம் இரண்டு நிரைக்கு அப்பாலேயே கேட்கும். துரை வந்து சேர்வதற்குள் எழுந்துகொள்ளலாம். அந்தச் சத்தம்தான் இத்தனை காலம் எங்களைக் காப்பாற்றியது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

என் கழுத்துக்குப் பின்னால் சூடாக மூச்சு பட்டது. திரும்பினேன். தளர்ந்த கடிவாளத்தோடு, உதிர்ந்த இலைமேல் சத்தமே இல்லாமல் வந்து நின்றது அப்பாவின் குதிரை. மேலே துரை. அத்தையை உலுக்கி எழுப்புவதற்குள் துரை பார்த்துவிட்டார். பின்னால் வந்த, வேலை மேற்பார்க்கும் தண்டலைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அத்தையின் பேர் வெட்டியாயிற்று, வேலை போயிற்று.

அன்று சாயங்காலம் துரை லாயத்துக்கே வந்து, இப்படிப் பழக்க யாராலும் முடியாது என்று அப்பாவை மெச்சினாராம். அப்பா அவர் காலில் விழுந்து தங்கைக்காகக் கெஞ்சினார். காதில் விழாதவர்போல துரை குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அத்தை பாடாங் செராய்ப் பக்கம் வேலை தேடிப் புறப்பட்டாள். காய்ச்சல் விடவில்லை. சின்னவன் இடுப்பில், பெரியவள் தலையில் பானை. அப்பா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். அவள்தான் பேசினாள்.

"குதிரைய நல்லா பழக்கிட்டண்ணே. வந்ததே எனக்குத் தெரியல."

அவள் குத்திக்காட்டவில்லை, மெய்யாகவே சொன்னாள். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. அத்தை செத்துப்போனதாகப் பத்து நாளில் செய்தி வந்தது. அவர் போவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. குதிரையைச் சடக்குக்கு இழுத்துப் போய்ச் சாட்டையால் அடித்தார். "ஓடு, சத்தம் போட்டு ஓடு" என்று அழுதுகொண்டே அடித்தார். அது மிரண்டு பாய்ந்தது. உடனே தானாகவே ஒரு வட்டம் சுற்றி அவர் முன்னால் வந்து நின்றது. பெருமூச்சு விட்டுத் தலையைத் தொங்கப்போட்டது.