குசினி யாருடைய சொல்?

பிள்ளைகளே, நேற்று நான் "தண்ணி குசினிக்குள்ள இருக்கு" என்றதும் மூன்று பேரும் சிரித்தீர்கள். கிச்சன் என்று சொல்ல வேண்டுமாம். எரிச்சலாக இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சொற்களைப் பற்றி அதிகம் தெரியாது. இந்த ஒன்றால் நான் பட்ட பாடு மட்டும் நன்றாகத் தெரியும்.

கலியாணத்துக்கு முன், வாவிக்கரையில் ஒரு மிஷன் விடுதியில் சமையல்காரனாக இருந்தேன். ஈர விறகுப் புகை மணந்தால் இன்றைக்கும் அந்த நாட்கள்தான். பழைய குசினி இடிந்து, புதியதற்குக் கூரை போடும் வேலை நடந்தது. நான் வெட்டவெளியில் அறுபது பேருக்குச் சோறாக்கினேன். மாரி கிட்டிவிட்டது. கூரை வேலை லூயிஸ் அண்ணனுடையது. பறங்கியர், பழைய போர்த்துக்கேயர் வழிவந்தவர்; நல்ல தச்சர், கோபம் மூக்கு நுனியில்.

"குசினி எப்ப அண்ணன் முடியும்?" என்று கேட்டதுதான் என் பிழை. பக்கத்தில் நின்ற, விடுதியை நடத்திய பிரெஞ்சுச் சுவாமியாரின் முகம் மலர்ந்தது.

"அது எங்கள் நாட்டுச் சொல். குய்சீன்!"

ஏணியில் சுத்தியல் நின்றது. "என்ன கதை சுவாமி? உங்கட ஆக்கள் வாறதுக்கு முந்தியே எங்கட ஆக்கள் இஞ்ச சோறாக்கினவங்க. வீட்டில நாங்க குசிஞ்ஞ எண்டுதான் சொல்லுறம். போர்த்துக்கேயச் சொல்லு."

"உங்களுடையது உடைந்த போர்த்துக்கேயம், லூயிஸ்."

அவ்வளவுதான். லூயிஸ் அண்ணன் இறங்கி, உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அன்று பின்னேரமே மழை. சோறு அரை அவியலில் இருக்க அடுப்பு அணைந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய பாண், ஏச்சு எனக்கு.

கோபித்துப் போனவரை வெற்றிலைத் தட்டோடு போய் அழைப்பது எங்கள் பக்க வழக்கம். என்னை அனுப்பினார்கள். "நீ என்னத்துக்குகா வந்த? சொன்னவர் வரட்டும்" என்றார் லூயிஸ் அண்ணன்.

மறுநாளும் மழை, மறுநாளும் பாண். மூன்றாம் நாள் சுவாமியாரே தட்டை எடுத்தார். நான் குடை பிடித்துப் பின்னால் போனேன். லூயிஸ் அண்ணனின் மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த வாசலில் நின்று சுவாமியார் தட்டை நீட்டினார்.

"என் அம்மாவும் குய்சீன் என்று சொன்னதில்லை, லூயிஸ். எங்கள் ஊர்ப் பேச்சில் குசினோ. பள்ளியில் அப்படிச் சொல்லி அடி வாங்கினேன். உடைந்த மொழி என்றார்கள்."

லூயிஸ் அண்ணன் வெற்றிலையை எடுத்தார். "இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே சுவாமி! பொடியன் மூண்டு நாளா நனையிறான்."

இந்தச் சொற்களெல்லாம் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள் என்று, மூவரும் திரும்பிய வழிநெடுக விளக்கினார் சுவாமியார். எனக்குக் கூரைதான் வேண்டியிருந்தது.

அந்தக் கூரையைப் பிறகு சூறாவளி கொண்டுபோனது. சுவாமியார் மண்ணுக்குள். லூயிஸ் அண்ணன் குடும்பம் அவுஸ்திரேலியாவில். நீங்கள் கிச்சனில்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பின் உலை வைத்தேன். அது கொதிக்கும்வரை, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்: குசினோ, குசிஞ்ஞ, குசினி.