மைக்கில் கேட்ட ‘கூட்டுக்காரி’

அன்று அண்ணனின் உடலருகே இருந்தவர்கள்: அண்ணி, அண்ணன் மகன், மருமகள், சங்கரன்கோவிலிலிருந்து வந்த தாய்மாமா, கம்பத்து அத்தை, அத்தை மகன், ஏலக்காய் ஸ்டோரில் அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், லயத்துச் சனம், நான். இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் பெயர் இந்த நினைவு மலரில் வராது.

அண்ணன் கேரளத்துப் பீர்மேட்டில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா போனதும் நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அண்ணன் வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போனார். எங்களைக் கரையேற்றியவர் அவர்தான். குடியும் அங்கேதான் பிடித்தது. ஒருமுறை எஸ்டேட்டில் நடந்த குடி நிறுத்தும் முகாமில் சேர்ந்தார். மறுநாளே டீக்கடையில், “என்னய்யா, குடிகார கிளாஸ்ல பரீட்சை எப்ப?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த வாரமே திரும்பக் குடித்தார்.

பிறகு எப்படியோ அடியோடு விட்டார். ஞாயிறானால் ஏலச்சீட்டுக் கூட்டம் என்று சொல்லி பஸ் ஏறுவார். சீட்டுக்காரன் ஓடிவிடுவானோ என்பதுதான் என் கவலை. விட்டும் ஈரல் தேறவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டபோது யார் யாரோ வந்து கொடுத்துவிட்டு, ஒரு காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள்.

அவர்கள்தான் அன்றும் மாலையோடு வந்தார்கள். எங்கள் வழக்கப்படி மாலை கொண்டு வருகிறவரின் ஊர், பெயர், உறவு மூன்றையும் மைக்கில் சொல்ல வேண்டும். மாமா கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. மாமா விடவில்லை. கடைசியில் அவர்களில் ஒரு பெண், “கூட்டுக்காரியா” என்றார். மலையாளத்தில் அது ‘சிநேகிதிதான்’ என்பது, அவ்வளவுதான். மாமாவுக்கு மலையாளம் தெரியாது. “கூட்டுக்காரி மாலை” என்று மைக்கில் சொல்லிவிட்டார்.

எங்கள் சனத்தின் காதில் அது ‘வைப்பாட்டி’ என்றுதான் விழுந்தது. அத்தை சும்மா இருப்பாரா? “குடிய எதுக்கு விட்டான்னு இப்பல்ல தெரியுது” என்றார். அத்தை மகன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் தலை குனிந்து நின்றார், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு அதுவும் புரியவில்லை.

மூன்றாம் நாள்தான் அண்ணி சொன்னார். சீட்டெல்லாம் இல்லை. தூரத்து ஊரில், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம். பேர் கேட்க மாட்டார்கள், அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் அண்ணன் அங்கே வாய்விட்டு அழுதிருக்கிறார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி, அந்தம்மா?”

“சொன்னா அவ மட்டுமா மாட்டுவா? கூட நின்ன அத்தன பேரும்ல மாட்டுவாக. ஒருத்தர் வேலை போயிரும், ஒருத்தர் பிள்ளைக்குக் கல்யாணம் நிக்கும். அதான் உங்க அத்தை ஏச்ச வாங்கிக்கிட்டா.”

“என்னைப் பத்திச் சொல்லிக்கோ, அவங்களப் பத்தி வேண்டாம்” என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருந்தாராம். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மாலையோடு மலையேறி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போயிருக்கிறது. உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அனுப்பியவர்களிடமும் சொல்லுங்கள். அன்றிலிருந்து அந்த அம்மா கூட்டத்துக்கு வரவில்லையாம்.